லாட்டரி: பரக்கத்தை அரிக்கும் கரையான்

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

   

இன்றைய ஜும்ஆ உரையில் நாம் சிந்திக்கவிருப்பது லாட்டரி எனும் பரிசுச் சீட்டைப் பற்றி. "நம் மாநிலத்தில்தான் லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டதே, இன்னும் ஏன் அதைப் பேச வேண்டும்?" என்று சிலர் எண்ணலாம். தடை இருப்பது உண்மை. 2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா வகை லாட்டரிச் சீட்டு விற்பனையையும் தடை செய்தது. ஆனால் சட்டம் கடையை மூடியதே தவிர, உள்ளத்தின் ஆசையை மூடவில்லை. வாளையாறு, குமுளி, ஆரியங்காவு என எல்லை கடந்து சென்று கேரளச் சீட்டு வாங்கி வருவோர் உண்டு. அந்த மாநிலக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துச் சந்து பொந்துகளில் "மூன்று நம்பர்" எழுதுவோர் உண்டு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெரிய சீட்டு வாங்குவதும் உண்டு. எனவே இது நம் வாசலில் நிற்கும் பிரச்சினைதான்.

பழைய அம்புகளும் புதிய சீட்டுகளும்

அன்பர்களே! சூதாட்டத்திற்கு அரபியில் "மைஸிர்" என்று பெயர். எளிது என்ற பொருளுடைய மூலச் சொல்லிலிருந்து இது பிறந்தது என அறிஞர்கள் விளக்குவர். உழைப்பின்றி எளிதாகப் பிறர் பொருள் கைக்கு வருவதால் இப்பெயர் வந்தது.

அறியாமைக் கால அரபிகள் இதை எப்படி ஆடினார்கள் தெரியுமா? ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுப்பார்கள். பத்து அம்புகளை ஒரு பையில் இடுவார்கள். அவற்றுள் ஏழுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். பங்குள்ள அம்பு யார் பெயருக்கு வந்ததோ அவர் இறைச்சியைப் பெறுவார். வெற்று அம்பு வந்தவர்களோ இறைச்சியும் பெறாமல், ஒட்டகத்தின் விலையையும் செலுத்த வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியை உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை பேசுவார்கள் என்றும், கலந்துகொள்ளாதவரைக் கஞ்சன் என்று இகழ்வார்கள் என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

இன்றைய லாட்டரியை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் பணம் போடுகிறார்கள், ஒருவருக்கு விழுகிறது, மற்றவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள், "இதில் வரும் வருவாய் ஏழைகளின் மருத்துவத்திற்குப் போகிறது" என்று பெருமையும் பேசப்படுகிறது. அம்பு சீட்டாக மாறியது. ஒட்டகம் கோடி ரூபாயாக மாறியது. வேறு எதுவும் மாறவில்லை.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் அல்லாஹ் மதுவையும் சூதாட்டத்தையும், சிலைகளுக்காக நடப்பட்டவற்றையும் குறிபார்க்கும் அம்புகளையும் ஒரே வரிசையில் வைத்து, அவை ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என அறிவித்து, அவற்றை விட்டு விலகுமாறு கட்டளையிடுகிறான். இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறு என்ன வேண்டும்? சூதாட வா என்று தோழனை வாயால் அழைத்தவர்கூட அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அழைத்ததற்கே இந்த நிலை என்றால், ஆடியவரின் நிலை என்ன?

"அரசாங்கமே நடத்துகிறதே!"

சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத்! இது அரசாங்கமே நடத்துவதாயிற்றே, இதில் என்ன குற்றம்?"

1967இல் கேரள அரசு லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். அதே காலகட்டத்தில், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, தமிழகமும் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். பின்னாளில் அதே தமிழகம்தான் குடும்பங்களின் அழிவைக் கண்டு அதற்குத் தடை போட்டது. அரசு நடத்தியதால் தீமை நன்மையாகிவிடவில்லை என்பதற்கு நம் மாநிலத்தின் வரலாறே சாட்சி. மாநில அரசு நடத்தும் லாட்டரியும் சூதாட்டத்தின் தன்மையை இழந்துவிடுவதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 1999இல் ஒரு தீர்ப்பில் கூறியுள்ளது.

"நல்ல காரியத்திற்குத்தானே போகிறது?" என்ற கேள்விக்கு அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் பதில் சொல்கிறது. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்லாஹ் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறான். ஒட்டக இறைச்சி ஏழைக்குப் போனதாலேயே அந்த அம்புகள் ஹலாலாகவில்லை. மருத்துவமனைக்குப் போவதால் இந்தச் சீட்டும் ஹலாலாகாது. மேலும் அந்தப் பணம் யாருடையது என்று பாருங்கள்: பெரும்பாலும் கூலித் தொழிலாளி, ஓட்டுநர், மீனவர் ஆகியோரின் சட்டைப் பையிலிருந்து வருவது. ஏழையின் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து, இன்னோர் ஏழைக்கு ஒரு பருக்கை கொடுப்பதா தர்மம்?

"நான் விரும்பித்தானே வாங்குகிறேன்" என்பாரும் உண்டு. அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம், ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்பதைத் தடுத்து, பரஸ்பர விருப்பத்துடன் நடக்கும் வணிகத்தை மட்டும் விலக்களிக்கிறது. வணிகத்தில் கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு. லாட்டரியில் கொடுத்த காசுக்கு ஈடாக வருவது ஒரு துண்டுக் காகிதமும் ஒரு கனவும்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

சகோதரர்களே! ஒரு கணம் கணக்குப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு கேரளத்தின் திருவோணம் பம்பர் லாட்டரியில் சீட்டின் விலை 500 ரூபாய். முதல் பரிசு 25 கோடி. 66 இலட்சத்திற்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. அதாவது மக்களிடமிருந்து திரண்டது 330 கோடி ரூபாய்க்கு மேல். முதல் பரிசு ஒரே ஒருவருக்கு.

66 இலட்சத்தில் ஒன்று என்றால் என்ன? இன்று முதல் இரவும் பகலும் தொடர்ந்து 76 நாட்கள் கடிகாரம் ஓடுகிறது. அத்தனை வினாடிகளில் ஏதோ ஒரு வினாடியை ஒருவர் மனத்தில் நினைத்துக்கொள்கிறார். அந்த வினாடியை நீங்கள் சரியாகச் சொல்ல வேண்டும். இந்த நம்பிக்கையில்தான் ஒரு தொழிலாளி தம் ஒருநாள் கூலியின் பெரும்பகுதியைக் கொடுக்கிறார்!

விழுந்தாலும் முழுமையாக வருவதில்லை. 25 கோடியில் முகவர் கமிஷன் பத்து விழுக்காடு, மீதியில் வருமான வரி முப்பது விழுக்காடு எனக் கழிந்தபின் எஞ்சியது 15 கோடியே 75 இலட்சம். வாங்கும்போதும் வரி உண்டு. 2025 செப்டம்பர் முதல் லாட்டரிக்கான ஜி.எஸ்.டி. நாற்பது விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

மூன்று எண் சூதைப் பாருங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். நாள்தோறும் ஓர் எண் வாங்குபவருக்குச் சராசரியாக ஆயிரம் நாட்களுக்கு, அதாவது இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறைதான் விழும். சட்டத்திற்குப் புறம்பானதால், விழுந்தாலும் பணம் தருவதும் தராததும் நடத்துபவன் விருப்பம். எந்த நீதிமன்றத்தில் போய் முறையிடுவது?

வளைகுடாச் சகோதரர்களுக்கும் ஒரு கணக்கு. துபை விமான நிலையத்தில் 1999 முதல் நடந்துவந்த பெயர்பெற்ற குலுக்கலில் சீட்டு 1,000 திர்ஹம். மொத்தம் 5,000 சீட்டுகள். பரிசு பத்து இலட்சம் டாலர். திரளுவது 50 இலட்சம் திர்ஹம். பரிசோ ஏறக்குறைய 36 இலட்சத்து 70 ஆயிரம் திர்ஹம். 4,999 பேர் வெயிலில் உழைத்த காசு வெறுங்கையோடு கரைகிறது.

நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் சீட்டு வாங்குபவர் ஆண்டுக்கு 18,250 ரூபாய் செலவிடுகிறார். பத்து ஆண்டுகளில் 1,82,500 ரூபாய். இது ஒரு மகளின் கல்லூரிப் படிப்பு, ஒரு சிறு தட்டுக்கடையின் முதலீடு, உம்ராவுக்கான செலவு. ஐம்பது ரூபாயாகப் போவதால் நாம் அதைக் காண்பதில்லை. கரையான் அரிக்கும்போது கதவு வெளியே முழுமையாகத்தான் தெரியும்.

குடும்பத்தின் மீது விழும் இடி

மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் சூதின் விளைவுகளாக இரண்டு வகைத் தீமைகளைச் சுட்டுகிறது. ஒன்று, மனிதர்களிடையே பகைமையும் வெறுப்பும். மற்றொன்று, அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுத்தல்.

பகைமை முதலில் வீட்டுக்குள்தான் தொடங்குகிறது. மறைத்து வாங்கிய சீட்டு, மறைத்து வாங்கிய கடனாகிறது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, வட்டி வளர்கிறது. பிள்ளைகளின் கட்டணம் செலுத்தப்படாமல் நிற்கிறது. பொய் சொல்லாதிருந்த நாவு பொய்க்குப் பழகுகிறது. ஒரு ஹராம் இன்னொரு ஹராமின் கையைப் பிடித்து அழைத்து வருகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வந்தார். "ஹஜ்ரத், என் கணவரின் கடனை அடைக்க ஜகாத் வாங்கலாமா?" என்று கேட்டார். கடன் எதற்கு என்று கேட்டதும் தலைகுனிந்து, "நம்பர் எழுதினார்" என்றார். வந்து கடனைக் கேட்பவர்களுக்குப் பயந்து, கணவர் இரவில் மட்டுமே வீட்டுக்கு வருகிறாராம். அந்தத் தாயார் எந்தச் சீட்டும் வாங்கவில்லை. ஆனால் அவர்தான் விலை கொடுக்கிறார்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் மூன்று எண் லாட்டரியில் பணத்தை இழந்து, கடனில் மூழ்கி, மனைவி, மூன்று பெண் குழந்தைகளுடன் உயிரிழந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அக்குழந்தைகள் செய்த பாவம் என்ன? கடனில் சிக்கிய சகோதரரே! உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதை மாய்ப்பது கடனைத் தீர்ப்பதன்று. உங்கள் துயரத்தை மறைக்காதீர்கள், குடும்பத்தாரிடம் சொல்லுங்கள், பள்ளிவாசலுக்கு வாருங்கள். இங்கே உங்களைப் பழிக்க யாரும் காத்திருக்கவில்லை.

தோற்றவருக்குத்தான் துன்பம், வென்றவருக்கு இன்பம் என்றும் எண்ண வேண்டாம். அந்த 2022 பம்பரில் 25 கோடி வென்ற ஆட்டோ ஓட்டுநர், சில நாட்களிலேயே, இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாக வருந்தினார். உதவி கேட்டு வந்த கூட்டத்தால் சொந்த வீட்டில் தங்க இயலவில்லை. தெரிந்தவர்களே விரோதிகளானார்கள் என்றார். பகைமையையும் வெறுப்பையும் பற்றி இறைவசனம் எச்சரித்தது தோற்றவரை மட்டுமா? வென்றவரையும்தான்.

இரண்டாவது தீமையைப் பாருங்கள். குலுக்கல் முடிவு பிற்பகல் மூன்று மணி அளவில் வருகிறது. கண் கைப்பேசியில்; உள்ளம் எண்ணில்; அஸர் தொழுகையோ மறதியில். கனவில் கண்ட எண், வண்டியின் எண், குழந்தை பிறந்த தேதி எனக் குறி பார்க்கும் பழக்கமும் உடன் வந்துவிடுகிறது. குறிபார்க்கும் அம்புகளை இறைவன் சூதோடு சேர்த்துச் சொன்னதன் நுட்பம் இப்போது விளங்குகிறதல்லவா? ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்ற ஈமான் மெல்ல மெல்ல எண்களிடம் இடம் மாறுகிறது.

சில சந்தேகங்களும் விளக்கங்களும்

*ஹஜ் குழுவும் குலுக்கல் நடத்துகிறதே?* சீட்டுக் குலுக்கிப் போடுவது மட்டுமே சூதாகாது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துள்ளார்கள். இது "குர்ஆ" எனப்படும். இதில் யாருடைய பொருளும் பறிபோவதில்லை. ஹஜ் குழுவின் குலுக்கலும் இத்தகையதே. இடம் கிடைக்காதவரின் பணத்தை எடுத்து இடம் கிடைத்தவருக்குக் கொடுப்பதில்லை. ஒருவரின் இழப்பு மற்றவரின் ஆதாயமாகும்போதே அது சூதாகிறது.

*மாதாந்திரச் சீட்டு கட்டலாமா?* இருபது பேர் சமமாகக் கட்டி, ஒவ்வொருவரும் தாம் கட்டிய தொகையை முழுமையாகப் பெறுவார்களானால் அது ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து உதவுவதே. ஆனால் "குலுக்கலில் பெயர் வந்தவர் மேற்கொண்டு கட்டத் தேவையில்லை, பொருளை எடுத்துச் செல்லலாம்" என்ற திட்டங்கள் சூதே. இத்தகைய பரிசுச் சீட்டுத் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் தடை செய்துள்ளது.

*கடையில் தரும் பரிசுக் கூப்பன்?* தேவையான பொருளை வழக்கமான விலைக்கு வாங்கும்போது இலவசமாகத் தரப்படுவதை அறிஞர்கள் பலர் அனுமதிக்கின்றனர். கூப்பனுக்காகவே கூடுதல் விலை கொடுப்பதும், தேவையற்றதை வாங்குவதும் கூடாது.

*பரிசு விழுந்தால் பள்ளிவாசலுக்குத் தருவதாக நிய்யத் செய்யலாமா?* கூடாது. அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்பான் என்பது முஸ்லிம் நூலில் உள்ள நபிமொழியின் கருத்து. உணவும் உடையும் ஹராமாகிவிட்ட பயணி கையேந்திக் கேட்டும் அவருடைய துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்று அதே நபிமொழி கேட்கிறது. முன்பே அத்தகைய பணம் கையில் வந்திருந்தால், நன்மையை எதிர்பாராமல், தம்மைத் தூய்மைப்படுத்தும் எண்ணத்துடன் ஏழைகளிடம் சேர்ப்பித்துவிட்டுத் தவ்பா செய்வதே வழி.

*வாட்ஸ்அப்பில் வரும் லாட்டரி?* கேரள அரசின் லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுவது; கைப்பேசி வழியே அதை விற்பதாகச் சொல்வது மோசடி. "உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது, வரி கட்டுங்கள்" என்று வரும் செய்திகளும் அவ்வாறே. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் இயற்றியுள்ளது. பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மாற்று வழி என்ன?

"செய்யாதே" என்று சொல்வதோடு மார்க்கம் நிற்பதில்லை, வழியையும் காட்டுகிறது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார். அவர்களோ அதை ஏற்காமல், கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்கத் தொடங்கிப் பின்னர் பெரும் செல்வந்தரானார்கள். தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். பறவைகள் காலையில் ஒட்டிய வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதைத் தவக்குலுக்கு உவமையாகக் கூறியதும் அவர்களே. அந்தப் பறவை கூட்டிலேயே அமர்ந்து குலுக்கலுக்குக் காத்திருக்கவில்லை, வெளியே பறந்தது.

எனவே, ஜமாஅத்தார்களே, சில காரியங்களை இன்றே தொடங்குவோம். சீட்டு வாங்கும் பழக்கமுள்ளவர் அந்தத் தொகையை நாள்தோறும் ஓர் உண்டியலில் இட்டு, சாவியை மனைவியிடம் கொடுக்கட்டும். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்க்கட்டும். விழுந்த பரிசு அதுதான். மனைவியரே! கணவர் உண்மையைச் சொல்ல முன்வரும்போது ஏசித் துரத்தாதீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் மீட்சியின் வாசல். சீட்டு விற்பவர்கள் வேறு பொருள் விற்கட்டும். பாவத்திற்குத் துணை போவதும் மாயிதா அத்தியாயத்தின் 2ஆம் வசனத்தால் தடுக்கப்பட்டதே.

பைத்துல்மால் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடனில் மூழ்கியோர் ஜகாத் பெறத் தகுதியானோரில் ஒரு பிரிவினர் என அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறுகிறது. பாவத்தால் ஏற்பட்ட கடனாயினும், அவர் உண்மையாகத் தவ்பா செய்துவிட்டால் அவருக்கு உதவலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதைத்தான் அந்தத் தாயாரிடமும் சொன்னேன். பணத்தைக் கையில் கொடுக்காமல், நேரடியாகக் கடன்காரரிடம் செலுத்துவது நல்லது. வட்டியில்லாக் கடன் நம் மஹல்லாவில் எளிதாகக் கிடைக்குமானால், கந்துவட்டிக்காரனின் வாசலும் நம்பர் எழுதுபவனின் வாசலும் தாமாகவே வெறிச்சோடும்.

மறுமை நாளில் பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற இரு கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் அடியானின் பாதங்கள் நகர இயலாது. லாட்டரிச் சீட்டு இவ்விரண்டு கேள்விகளிலும் நம்மைத் தோற்கடித்துவிடும். ஈட்டினாலும் ஹராம், செலவிட்டாலும் ஹராம்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! குறைவாயினும் ஹலாலைக் கொண்டு எங்கள் உள்ளங்களை நிறைவாக்குவாயாக! சூதின் பிடியில் சிக்கியோரை மீட்டு, அவர்களின் கடன்களைத் தீர்த்து, கலங்கி நிற்கும் குடும்பங்களில் அமைதியைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை இத்தீமையின் வாடைகூடப் படாமல் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.